பசியா... அஜீரணமா? ஒரு ஸ்பூன் சாம்பல் சொல்லும் சேதி!

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் இரண்டு விஷயம் தவறாமல் செய்வார்கள். ஆண்டாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் பால்கோவா கடையில் குனிந்து பார்ப்பார்கள். அந்தக் குனிதலும் கடாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். கடாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்ததுண்டா?

சாம்பல் சார், சாம்பல்!

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பாலுக்குப் பெருமை, சர்க்கரைக்குப் பெருமை, மணிக்கணக்கில் நின்று கிண்டுகிற மாஸ்டருக்குப் பெருமை. ஆனால் விறகடுப்பில் எரிந்து, வெந்து, தணிந்து கிடக்கிற சாம்பலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்து, ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்காவது மொட்டு விட்டிருக்கா?" என்று எட்டிப் பார்க்கிற இளைஞர்களுக்கு இது சமர்ப்பணம். (எதிர் வீட்டு மாடியை எட்டிப் பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.)

பேரிலேயே இருக்கு விஷயம்!

உரக்கடைக்குப் போனால் மூன்று பெயர் காதில் விழும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. முதலாவது நைட்ரஜன், இரண்டாவது பாஸ்பரஸ். மூன்றாவதான சாம்பல் சத்துதான் பொட்டாசியம். எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எங்கே கிடைக்கும் என்கிற விலாசமும் பேரிலேயே இருக்கிறது.

இங்கிலீஷ்காரரும் அதையேதான் செய்தார். பொட்டாஷ் என்றால் 'பாட்', 'ஆஷ்'. பானைச் சாம்பல். மரத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பானையில் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்குகிற வெள்ளை உப்புதான் பொட்டாஷ். ஒரு காலத்தில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் இது இல்லாமல் வேலை நடக்காது. அமெரிக்காவில் 1790-ல் கொடுத்த முதல் பேட்டன்ட்டே சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்காகத்தான். அதில் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். சாம்பலுக்கு இருந்த மரியாதையைப் பார்த்தீர்களா?

1807-ல் ஹம்ப்ரி டேவி என்கிற விஞ்ஞானி பொட்டாஷை உருக்கி அதற்குள் மின்சாரம் பாய்ச்சி, பளபளவென்று ஒரு புது உலோகத்தைப் பிரித்தார். அதற்குப் பொட்டாசியம் என்று பேர் வைத்தார். சந்தோஷம் தாங்காமல் ஆய்வுக்கூடத்திலேயே குதித்து ஆடினாராம். நமக்கு இன்க்ரிமென்ட் ஆர்டர் வந்தால் ஆடுவோமே, அது மாதிரி.

தலைமை கிளார்க்!

சரி, இந்தப் பொட்டாசியம் செடிக்குள் என்ன வேலை பார்க்கிறது?

ஒரு ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து என்பவர் புதுசாக வந்த ஆபீஸர் மாதிரி. வந்ததும் எல்லாம் பச்சைப் பசேல், ஊரே திரும்பிப் பார்க்கும். மணிச்சத்து, வேரிலும் பூவிலும் வேலை பார்க்கிற டெக்னிகல் ஆசாமி. சாம்பல் சத்து இருக்கிறாரே, அவர் தலைமை கிளார்க். குரூப் போட்டோவில் கடைசி வரிசை. ஆனால் அவர் நாலு நாள் லீவு போட்டால் ஆபீஸே ஸ்தம்பித்துப் போகும்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. காற்று உள்ளே வருவதும், தண்ணீர் ஆவியாய் வெளியே போவதும் அதன் வழியாகத்தான். அந்த வாசலைத் திறந்து மூடும் வாட்ச்மேன் பொட்டாசியம். இலை தயாரிக்கும் சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டு சேர்க்க உதவுவதும் அதுவே. தண்டுக்கு உறுதி, நோயைத் தாங்கும் சக்தி, வெயிலைச் சமாளிக்கும் தெம்பு எல்லாவற்றிலும் அதன் கை இருக்கும். சித்திரை வெயிலில் ராஜபாளையம் மொட்டை மாடியில் நின்று பாருங்கள், வாட்ச்மேன் வேலை எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

ராஜபாளையத்துக்கும் இந்தச் சத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. ஊரே நூற்பாலை ஊர். பஞ்சின் ஒவ்வொரு இழையும் பருத்தி விதையின் மேல்தோலிலிருந்து நீளுகிற ஒற்றை செல். பூ மலர்ந்து ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் அது தன் நீளத்தை எட்டிவிடும். பலூனுக்குள் காற்று மாதிரி, அந்த இழைக்குள் தண்ணீர் அழுத்தத்தைப் பிடித்து வைத்து நீள வைப்பதில் பொட்டாசியத்துக்குப் பெரிய பங்கு. அது குறைந்தால் இழை குட்டை. இழை குட்டையானால் நூலின் தரமும் இறங்கும். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்திக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'எஸ்.வி.பி.ஆர்.' என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் இந்த ஊர்ப் பேரைச் சுமந்துகொண்டுதான் போகின்றன. ஆக, நீங்கள் போட்டிருக்கிற சட்டையிலும் கொஞ்சம் சாம்பல் சத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்!

அடுப்பு மாறிச்சு, சத்து போச்சு

பாட்டி காலத்தில் இதையெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் அடுப்பைக் கூட்டி, சாம்பலை அள்ளி, பாதியைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்வார்கள். மீதி கொல்லையில் முருங்கைக்கு, புடலைக்கு, அவரைக்கு. அவரைக் கொடியில் அசுவினி அப்பினால் மேலே தூவுவதும் அதே சாம்பல்தான். மண்ணிலிருந்து வந்த விறகு, சாம்பலாய் மண்ணுக்கே திரும்பிப் போனது. கணக்கு நேர்.

அப்புறம் காஸ் அடுப்பு வந்தது. அம்மாக்களின் கண்ணும் நெஞ்சும் தப்பித்தன. அதைக் குறை சொல்கிறவன் ஒரு வாரம் புகையில் உட்கார்ந்து ஊதட்டும்! ஆனால் கூடவே, வீட்டிலிருந்து சாம்பல் சத்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது. உர மூட்டையில் பேர் மட்டும் மிச்சம். அந்த மூட்டையில் வருகிற சிவப்பு பொட்டாஷும் கிட்டத்தட்ட முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. கனடா, ரஷ்யா மாதிரி நாடுகளில் பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுத்துக் கப்பலில் வருவது. நம் நாட்டில் அதற்கென்று ஓடுகிற சுரங்கம் கிடையாது.

"சரி, நாமே இயற்கையாகக் கொடுத்துவிடுவோம்" என்று கிளம்புகிற இளைஞர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம். ஆனால் 'இயற்கை' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் அளவு தேவையில்லை என்று ஒரு நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. வம்பு அங்கேதான்.

அம்மா கொடுத்த ரோஜா

நான் ராஜபாளையத்தில் குடியிருக்கும் காம்பவுண்டில் மாடி போர்ஷனில் ஒரு தம்பி இருக்கிறார். பாங்க் உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. ஊரிலிருந்து அவருடைய அம்மா பன்னீர் ரோஜா பதியன் ஒன்று கொடுத்தனுப்பினார். கொடுத்த நாலாவது மாதம் அம்மா காலமாகிவிட்டார். அதற்கப்புறம் அந்தத் தொட்டி அவருக்கு வெறும் தொட்டியாக இல்லை.

ஒரு நாள் இலையோரம் பழுப்பாகிக் கருக ஆரம்பித்தது. விசாரித்தார். "பொட்டாசியம் பத்தலை" என்றார்கள். உடனே ஆரம்பித்தது வைத்தியம். வாரா வாரம் ஒரு சிரட்டை சாம்பல். தினமும் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். நடுவில் முட்டை ஓடு. இது போதாதென்று யாரோ சொன்னார்கள் என்று சிவப்பு பொட்டாஷும் ஒரு கைப்பிடி. இலை இன்னும் கருகியது. இவர் இன்னும் போட்டார்.

"அண்ணே, செடி பொழைக்குமா?" என்று அவர் கேட்ட குரலில், கேட்டது செடியைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

எங்கள் தெருவில் வேளாண்மைத் துறையில் இருந்து ரிடையரான பெரியவர் ஒருவர் உண்டு. கூட்டிக்கொண்டு வந்தேன். தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. ஆனாலும் செடி வாடி நின்றது.

"தம்பி, இது பசி இல்லை. அஜீரணம்!" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"பொட்டாஷ் குறைஞ்சாலும் இலையோரம் கருகும். உப்பு கூடினாலும் இலையோரம் கருகும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பசின்னா, அடியில இருக்கிற வயசான இலையிலதான் முதல்ல ஆரம்பிக்கும். ஏன்னா, இருக்கிற கொஞ்சத்தைக் கிழட்டு இலையிலேருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துடும் செடி. உங்க செடியில மேல இருக்கிற இளசும் சேர்ந்து கருகியிருக்கு. தொட்டியில உப்பு பூத்திருக்கு. மண்ணு ஈரமா இருந்தும் வாடுது. வேரைச் சுத்தி உப்பு இருந்தா, தண்ணி இருந்தும் குடிக்க முடியாது. கடல்ல கப்பல் கவுந்தவன் கதை!"

அப்புறம் ஒரு பேப்பர் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆபீஸில் கணக்குப் பார்க்கிற நமக்கு அதுதான் சட்டென்று புரியும்.

தொட்டிக் கணக்கு

ஒரு ஏக்கரில் மேல் மண், அரை அடி ஆழத்துக்கு, சுமார் 9 லட்சம் கிலோ. ஓரடித் தொட்டியில் சுமாராக 15 கிலோ. அதாவது உங்கள் தொட்டி ஒரு ஏக்கரில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு.

வயலுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ பொட்டாஷ் போடுகிறார் விவசாயி என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் உங்கள் தொட்டிக்கு எவ்வளவு? ஒரு கிராம்கூட வராது! தம்பி போட்ட கைப்பிடி 50 கிராம் என்றால், ஒரு ஏக்கரில் அறுபது மூட்டை கொட்டியதற்குச் சமம்.

விறகுச் சாம்பலுக்கு வருவோம். மரத்துக்கு மரம் மாறும். ஆனாலும் நூறு பங்கு சாம்பலில் ஏறக்குறைய 5 பங்கு பொட்டாஷ் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு பொட்டாஷில் 60 பங்கு. ஆக, ஓரடித் தொட்டிக்கு அந்த வயல் அளவைச் சாம்பலாகக் கொடுத்தால் 10 கிராம். மேஜைக்கரண்டியில் கோபுரமாக ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் சங்கதி. சிரட்டை எங்கே, ஸ்பூன் எங்கே!

பெரியாழ்வார் நந்தவனம் வைத்துத் துளசி வளர்த்ததாகச் சொல்லும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நந்தவனத்துத் துளசிக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஓரிடத்தில் உப்பு கூடினால் வேர் வேறு பக்கம் போய்விடும். மழை கழுவி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். தொட்டித் துளசி எங்கே போகும்? நாம் கொடுத்ததுதான் சாப்பாடு, நாம் போட்டதுதான் விஷம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறியிருக்கிறீர்களா? வாசலில் நாலு பேர் அடைத்து நின்றால், பின்னால் நிற்பவர் ஏறவே முடியாது. வேரின் வாசலிலும் அதே கதை. பொட்டாசியம் கும்பலாக வந்து நின்றால் மெக்னீசியமும் கால்சியமும் உள்ளே ஏற முடியாமல் ஸ்டாப்பிலேயே நிற்கும். மண்ணில் அவை இருந்தும் செடிக்குக் கிடைக்காது. ஒரு சத்தைக் கொட்டி இரண்டு சத்துக்குப் பஞ்சம் வரவழைத்த கதைதான்!

தம்பியின் ரோஜாவுக்குப் பெரியவர் சொன்ன மருந்து என்ன தெரியுமா? தண்ணீர்! போரிங் உப்புத் தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர். ஓரடித் தொட்டிக்கு இரண்டு குடம், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடித்துவாரம் வழியாக ஒழுக விட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதுவரைக்கும் எந்த உரமும் கிடையாது. அப்புறம் ஒரு பிடி மக்கிய தொழு உரம். கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து மனசு விடக்கூடாது, புதுக் குருத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது வாரம் செம்பு நிறத்தில் குருத்து வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு மொட்டு. அன்றைக்குத் தம்பி பாங்க்குக்கு அரை மணி லேட். மேனேஜர் ஏன் என்று கேட்டாராம். "பூ சார்" என்றாராம்.

முதல்ல மண்ணைக் கேளுங்க!

ஒரே ஸ்பூன் எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது. எங்கள் பக்கத்துத் தொட்டிகளில் மூன்று வகை மண் பார்க்கலாம்.

கரிசல்: விருதுநகர் மாவட்டத்தின் சொந்த மண். சுண்ணாம்பு கலந்து, பொதுவாகக் காரத் தன்மையோடு இருக்கும். பொட்டாசியமும் ஓரளவு ஏற்கெனவே இருக்கும். சாம்பலும் காரம். காரத்துக்கு மேல் காரம் சேர்த்தால் இரும்புச்சத்து மண்ணிலேயே கட்டுண்டு, குருத்து வெளிறிவிடும். கரிசலுக்குச் சாம்பல் வேண்டாம். மக்கிய உரமும், காய்ந்த வாழைத்தோல் தூளும் போதும்.

செம்மண்: மலையடிவாரப் பக்கம் கிடைப்பது. தண்ணீர் சீக்கிரம் இறங்கும், சத்தும் கூடவே இறங்கும். சாம்பல் பொருந்துவது இங்கேதான். பூக்கிற, காய்க்கிற காலத்தில் மாதம் ஒரு ஸ்பூன். துளசிக்கு அரை ஸ்பூன், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்.

தேங்காய் நார்க்கழிவு: தென்னை சூழ்ந்த ஊர், நார்த்தூளுக்குப் பஞ்சமில்லை. மாடிக்குப் பாரம் ஏறாது என்று எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கழுவாத நார்த்தூளில் பொட்டாசியமும் சோடியமும் ஏற்கெனவே ஏராளம். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இங்கே தேவை சாம்பல் இல்லை. நாலைந்து தடவை நன்றாகக் கழுவுவதும், பிறகு கொஞ்சம் ஜிப்சமும்தான். மக்க வைத்த நார்த்தூள் இன்னும் உத்தமம்.

அடுப்படியில் ஒரு பேட்டி

சாம்பல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனேன். காஸ் அடுப்பில் கிண்டுகிற இடங்களும் உண்டு, விறகு வைத்துக் கிண்டுகிற இடங்களும் உண்டு. விறகடுப்பு எரிகிற ஒரு இடத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சாம்பல் கிடைக்குமா?"

மாஸ்டர் துடுப்பை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டுத் தூரம் வந்து கோவா கேட்காம சாம்பல் கேட்ட மொத ஆளு நீங்கதான். தாராளமா அள்ளிட்டுப் போங்க. ஆனா அந்த ஓரத்துக் குமி வேண்டாம், போன வாரம் மழையில நனைஞ்சுது."

அவர் விஞ்ஞானம் படித்தவரில்லை. ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொட்டாஷ் தண்ணீரில் கரையும். மழையில் நனைந்த சாம்பலில் அது கழுவிப் போயிருக்கும், சுண்ணாம்புதான் மிச்சம் இருக்கும். சாம்பல் அள்ளினால் ஆறின பிறகு, காய்ந்த டப்பாவில், மூடி போட்டு வையுங்கள். சலித்துக் கரித்துண்டை எடுத்துவிடுங்கள். தண்டிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளித் தூவி, மேல் மண்ணில் கிளறி, தண்ணீர் விடுங்கள். யூரியாவோடு மட்டும் கலக்கவே கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாக ஆகி மூக்கைத் துளைத்துக்கொண்டு பறந்துவிடும். இட்லிப்பூ, கறிவேப்பிலை மாதிரி காரம் பிடிக்காத செடிகளுக்கும் சாம்பலைக் காட்டாதீர்கள்.

(கோவாவும் கால் கிலோ வாங்கினேன். ஒரு மரியாதைக்கு!)

வீட்டுச் சரக்கு

வாழைப்பழத் தோல்: பொட்டாசியம் உண்டு என்பது நிஜம். ஆனால் பச்சைத் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்படியே புதைத்தால் எறும்பு வரும், பெருச்சாளி வரும். ஊறவைத்த தண்ணீர் என்றால் கொசு வரும். நறுக்கி மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து மிக்ஸியில் தூளாக்குங்கள். மாதம் ஒரு ஸ்பூன். சாம்பல் போட்ட மாதம் இது வேண்டாம், இது போட்ட மாதம் சாம்பல் வேண்டாம்.

மக்கிய தொழு உரம்: நூறு கிலோவில் தழைச்சத்து அரைக் கிலோ, சாம்பல் சத்து அரைக் கிலோ, மணிச்சத்து கால் கிலோவுக்கும் குறைவு. கேட்கக் குறைவு, ஆனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். வீட்டுச் சாப்பாடு மாதிரி. தினமும் பிரியாணி தின்பவனுக்குத்தான் டாக்டர் தேவை.

முட்டை ஓடு: முழுக்க முழுக்கச் சுண்ணாம்பு என்றே சொல்லலாம். கரிசலில் போட்டால் கரையாமல் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். செம்மண் என்றால் மாவாக அரைத்துப் போடலாம்.

ஜிப்சம்: கால்சியமும் கந்தகமும் கொடுக்கும். காரத்தை ஏற்றாது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒரு ஸ்பூன் ஜிப்சமும், விட்டு விட்டு இல்லாமல் சீராகத் தண்ணீரும் கொடுங்கள்.

எப்சம் உப்பு: மெடிக்கல் ஷாப்பில் பேதி உப்பு என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கவலைப்படாதீர்கள். அதுதான் மெக்னீசியம் சல்பேட். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவெளி மஞ்சளாகவும் இருந்தால் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம். குருத்திலேயே அந்த மாதிரி மஞ்சள் வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பேதி உப்பு அதற்கு ஒன்றும் செய்யாது.

பஞ்சகவ்யம்: கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் விவசாயத்துக்குப் பரப்பியது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, வடிகட்டித் தெளிக்க வேண்டும். நல்ல டானிக். ஆனால் டானிக் சாப்பாடு ஆகாது.

பொட்டாஷ் பாக்டீரியா: மண்ணுக்குள் தாதுக்களில் பூட்டிக் கிடக்கும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கொடுக்கிற நுண்ணுயிர். மக்கிய உரத்தோடு கலந்து போட வேண்டும். பூட்டிய பெட்டி நிறைய வைத்திருக்கிற கரிசலுக்கு இது நல்ல தோழன்.

இதெல்லாம் வேண்டாம் சாமி!

குப்பை எரித்த சாம்பல் கூடவே கூடாது. பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பலகை, கலர் அட்டை எல்லாம் எரிந்த சாம்பலில் ஈயம் மாதிரி விஷ உலோகங்கள் இருக்கலாம். அதில் வளர்ந்த கீரையைத் தின்னப் போவது நீங்கள்தான். நிலக்கரிச் சாம்பலும் வேண்டாம்.

பக்கத்தில்தான் சிவகாசி. பட்டாசில் இருக்கிற வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். தீக்குச்சி மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். "ரெண்டுலயும் பொட்டாசியம்தானே அண்ணே, தீபாவளிக் குப்பையைத் தொட்டியில போட்டா என்ன?" என்று ஒரு புத்திசாலி என்னைக் கேட்டார். குளோரேட் செடியைக் கொல்லும் ஐயா! பட்டாசில் பேரியம் மாதிரி வேறு ஆசாமிகளும் இருக்கிறார்கள். சிவகாசிச் சரக்கு வானத்தில் பூக்கட்டும், தொட்டியில் வேண்டாம்.

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரைத் 'தேசத்துக்குச் சிக்கனம்' என்று தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். நமக்கு வேண்டாம் என்று மெஷின் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடையுங்கள், செடிக்கு வேண்டாம். மழைத் தண்ணீர் அமிர்தம். ஆபீஸ் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் தேங்கிய நல்ல தண்ணீர் போதும். பூ பூக்க வைக்கப் போய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம்.

திரும்பி வந்த சாம்பல்

கடைசியாக ஒரு சேதி. கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுவது கழிவுப்பாகு. அதிலிருந்து சாராய ஆலைகள் ஸ்பிரிட் வடிக்கின்றன. அதற்கும் பிறகு மிஞ்சுகிற கழிவை எரித்தால் கிடைக்கிற சாம்பலிலிருந்து பொட்டாஷ் உரம் தயாரிக்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு இந்த உரத்தையும் மானியப் பட்டியலில் சேர்த்தது. இதில் பொட்டாஷ் நூற்றுக்கு 14.5 பங்கு. கப்பலை எதிர்பார்க்காமல் நம் ஊர்க் கரும்பிலிருந்தே கிடைப்பது. கனடா வரைக்கும் சுற்றிவிட்டுக் கடைசியில் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் வந்து நின்ற இடம் எது? பாட்டியின் அடுப்படி!

ஆனால் பாட்டிக்குக் கொல்லை இருந்தது, நமக்கு இருப்பது ஓரடித் தொட்டி. அள்ளிப் போடுகிற பாசம் கொல்லைக்குச் சரி. தொட்டிக்கு ஸ்பூனில் கொடுக்கிற பாசம்தான் ஒத்துவரும்.

இனி இலையோரம் கருகினால் உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் குனிந்து, அடி இலையா, குருத்தா என்று பாருங்கள். விளிம்பில் உப்பு பூத்திருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். பசி என்றால் ஒரு ஸ்பூன். அஜீரணம் என்றால் இரண்டு குடம் தண்ணீர். இரண்டும் இல்லை என்றால்?

ஒரு நாள் சும்மா விடுங்கள் சார். செடிக்கும் கேஷுவல் லீவு வேண்டாமா!